ஆற்றோரம் ஓடிய அந்தப் பேருந்து



உறவினர் வீட்டுக்குப் போய் வருவதற்கு நமக்கு என்ன வேண்டும்? ஒரு பையில் மாற்றுத் துணி, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தின்பண்டம், பேருந்துக் கட்டணம், இவ்வளவுதானே! போகவில்லையே என்று யாராவது கேட்டால், "நேரமில்லை" என்று சொல்லிவிடுகிறோம். "வழியில்லை" என்று சொல்லும் நிலை நம்மில் பலருக்கும் நேர்ந்ததில்லை.

வழியே இல்லாமற் போனவர்கள் இருக்கிறார்கள். காஷ்மீரின் தலைநகரான ஸ்ரீநகருக்கும், அதன் மேற்கே ஜீலம் நதி இறங்கிச் செல்லும் திசையில் உள்ள முஸஃபராபாத் நகருக்கும் இடையிலுள்ள தூரம் 180 கிலோமீட்டருக்கு மேற்படாது. காலையில் புறப்பட்டால் மாலைக்குள் போய்ச் சேரலாம். ஆயினும் 1947-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நின்றுபோன பேருந்து, மீண்டும் அந்தச் சாலையில் ஓடுவதற்கு 57 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஓடத் தொடங்கிய அந்தப் பேருந்தும் 14 ஆண்டுகளுக்குள் நின்றுவிட்டது.

அந்தச் சாலையையும் அந்தப் பேருந்தையும் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விழைகிறேன். காஷ்மீர்ப் பிரச்சினையில் எந்த நாட்டின் வாதம் சரி என்பதை ஆராய்வது இப்பகுதியின் நோக்கமன்று. அதை எழுதுவதற்கு வேறு பலர் இருக்கிறார்கள். உறவுக்கும் சாலைக்கும் உள்ள தொடர்பே நாம் இங்கு சிந்திக்க வேண்டியது.

மலைநாட்டின் மேற்கு வாசல்

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு நாற்புறமும் மலைகள் சூழ்ந்த ஒரு பெரிய கிண்ணம் போன்றது. அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் இயற்கையே உடைத்துவிட்ட ஒரே வாய் பாரமுல்லா. பள்ளத்தாக்கின் நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு வரும் ஜீலம் நதி, பாரமுல்லாவைத் தாண்டியதும் குறுகிய மலையிடுக்கில் நுழைந்து பேரிரைச்சலோடு கீழே பாய்கிறது. ஸ்ரீநகரில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் ஓடும் நதி, முஸஃபராபாத்தை அடையும்போது சுமார் 700 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. அங்கே வடக்கிலிருந்து வரும் நீலம் நதி அதனோடு கலக்கிறது.

நதி எங்கே வழி கண்டதோ, மனிதனும் அங்கேயே வழி கண்டான். 7-ஆம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் காஷ்மீருக்குள் நுழைந்தது இந்த மேற்கு வாசல் வழியாகத்தான். மொகலாய மன்னர்கள் வழக்கமாகத் தெற்கேயுள்ள பீர் பஞ்சால் மலைவழியையே விரும்பினர். ஆயினும் 1620-ஆம் ஆண்டில் ஜஹாங்கீர் காஷ்மீருக்கு வந்தபோது, அம்மலைவழியைப் பனி மூடியிருந்தபடியால் பாரமுல்லா வழியாகவே வந்தார்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், டோக்ரா மகாராஜாக்களின் ஆட்சியில், இந்த ஆற்றோரத்தில் மலையைக் குடைந்து வண்டிச் சாலை அமைக்கப்பட்டது. ராவல்பிண்டியிலிருந்து மர்ரீ, கோஹாலா, முஸஃபராபாத்தை அடுத்த தோமேல், உரி, பாரமுல்லா வழியாக ஸ்ரீநகர் வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். முதலில் குதிரை வண்டிகளும் மாட்டு வண்டிகளும், பின்னர் லாரிகளும் பேருந்துகளும் ஓடின. பனிக்காலத்திலும் பெரும்பாலும் திறந்திருந்த சாலை இதுவே. இன்று நாம் அறிந்த ஜம்மு–ஸ்ரீநகர் சாலை அக்காலத்தில் பனிஹால் கணவாயில் பனியால் அடைபட்டுவிடும். அங்கே ஜவாஹர் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது 1956-இல்தான்.

ஆகவே 1947 வரை காஷ்மீரின் மூச்சுக்குழாயாக இருந்தது இந்த ஆற்றோரச் சாலை எனலாம். உப்பும் துணியும் தபாலும் இவ்வழியே மேலே ஏறின. பழங்களும் கம்பளங்களும் இவ்வழியே கீழே இறங்கின. வெட்டிய தேவதாரு மரங்களை நதியே சுமந்து சென்றது. மேலேயுள்ள ஊரில் பெண் எடுப்பதும் கீழேயுள்ள ஊரில் பெண் கொடுப்பதும் சர்வ சாதாரணம். உரியில் பேசப்படும் பஹாடி மொழிதான் சக்கோட்டியிலும் பேசப்பட்டது. இன்றும் அப்படியே.

கோடு விழுந்த கதை

1947 அக்டோபர் 22-ஆம் நாள் வடமேற்கு எல்லைப்புறத்துப் பழங்குடிப் படையினர் முஸஃபராபாத் வழியாக இதே சாலையில் உள்ளே வந்தனர். உரியை அடுத்த மஹூரா மின்நிலையம் அவர்கள் கைக்குப் போனதும் ஸ்ரீநகர் இருளில் மூழ்கியது. பாரமுல்லா சூறையாடப்பட்டது. மகாராஜா இந்தியாவோடு இணையும் பத்திரத்தில் கையொப்பமிட, அக்டோபர் 27-இல் இந்தியப் படை விமானங்களில் ஸ்ரீநகர் வந்திறங்கியது. ஓராண்டுக்கும் மேல் நடந்த போர் 1949 ஜனவரி 1-இல் ஓய்ந்தது. அந்த நாளில் எந்தப் படை எங்கே நின்றதோ, அதையொட்டி ஒரு கோடு இழுக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் சிம்லா உடன்படிக்கைக்குப் பிறகு அதற்குக் கட்டுப்பாட்டு எல்லைக் கோடு என்று பெயர் வந்தது.

வரைபடத்தில் அது ஒரு கோடு. தரையில் அது உரிக்கும் சக்கோட்டிக்கும் நடுவே சாலையை வெட்டியது. அண்ணன் ஒருபுறமும் தம்பி மறுபுறமுமாக நின்ற குடும்பங்கள் பல. சில நாள் பொறுத்துத் திரும்பலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு போனவர்கள் திரும்பவே இல்லை. தாய் வீட்டிலிருந்து கணவன் வீட்டுக்குப் போன பெண், அதன்பின் தாயின் முகத்தைக் காணாமலே மூப்படைந்தாள்.

வடக்கே நீலம் நதிக்கரையிலுள்ள கேரன் போன்ற ஊர்களில் நதியே எல்லையாகிவிட்டது. அக்கரையிலும் இக்கரையிலும் உறவினர் வந்து நின்று கையசைப்பார்கள், உரக்கக் கூவுவார்கள். பாதிச் சொற்களை நதியின் இரைச்சல் விழுங்கிவிடும். கல்லெறி தூரத்தில் நிற்கும் சகோதரியிடம் "உம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டு, பதில் காதில் விழாமல் திரும்பும் மனநிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள்!

சட்டப்படி சந்திக்க வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. கடவுச்சீட்டும் விசாவும் பெற்று, ஸ்ரீநகரிலிருந்து பஞ்சாபுக்கு இறங்கி, அமிர்தசரஸ், வாகா, லாகூர், ராவல்பிண்டி என்று சுற்றி முஸஃபராபாத்தை அடையலாம். ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர்! கடவுச்சீட்டு என்பதையே கண்டிராத மலைக்கிராமத்து முதியவருக்கு இது வழியா?

பேருந்து வந்தது

2003 நவம்பர் 26 நோன்புப் பெருநாளையொட்டி ஒரு நல்ல காரியம் நடந்தது. எல்லைக் கோடு நெடுகிலும் இரு நாட்டுப் படைகளின் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் ஓய்ந்தன. நிலவறைகளில் பதுங்கிக் கிடந்த மக்கள் வயலுக்குத் திரும்பினர். பள்ளிகள் மீண்டும் திறந்தன. அந்த அமைதி நிலைத்ததால், 2005 பிப்ரவரியில் இரு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களும் இஸ்லாமாபாத்தில் கூடிப் பேசி, ஸ்ரீநகருக்கும் முஸஃபராபாத்துக்கும் இடையே பேருந்து விடுவதென்று முடிவு செய்தனர்.

இம்முடிவின் உயிர்நாடி ஒரு சிறிய ஏற்பாட்டில் இருந்தது. கடவுச்சீட்டு கேட்டால், இக்கோட்டைப் பன்னாட்டு எல்லையாக ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று தயக்கம். கடவுச்சீட்டு வேண்டாம் என்றால் அடையாளத்துக்கு வேறென்ன வழி? இறுதியில், நுழைவு அனுமதிச் சீட்டு என்ற தனித் தாளொன்றைக் கொண்டு பயணம் செய்யலாம் என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டன. தத்தம் கொள்கையை விட்டுக்கொடுக்காமலே மக்களுக்கு வழிவிட முடியும் என்பதற்கு அந்தத் தாள் ஒரு சான்று. மனமிருந்தால் மார்க்கம் உண்டு என்று நம் பெரியோர் சும்மாவா சொன்னார்கள்!

முதற்பயணம் 2005 ஏப்ரல் 7 என்று குறிக்கப்பட்டது. முந்திய நாள், பயணிகள் தங்கவைக்கப்பட்டிருந்த ஸ்ரீநகர் சுற்றுலா வரவேற்பு மையத்தின்மீது ஆயுதம் தாங்கியோர் தாக்குதல் நடத்தினர். கட்டிடம் தீப்பற்றி எரிந்தது. பயணிகள் உயிர் தப்பினர். இதற்குப்பின் யார் ஏறுவார்கள் என்று உலகமே எண்ணியது. ஆனால் மறுநாள் காலை, ஏறக்குறைய இருபது பேர் வந்து பேருந்தில் அமர்ந்தனர். அவர்களில் பலர் முதியவர்கள். பிரதமர் மன்மோகன் சிங் கொடியசைத்து வழியனுப்பினார். அப்புறத்திலிருந்து சுமார் முப்பது பேர் புறப்பட்டு வந்தனர்.

வாசகர்களே, அந்த இருக்கைகளில் அமர்ந்தவர்கள் வீரர்களோ தலைவர்களோ அல்லர். தம்பியைப் பார்க்க வேண்டும், தாயின் கபுறடியில் நின்று ஒரு துஆ ஓத வேண்டும் என்ற ஆவலே அவர்களை ஏற்றியது. உறவின் ஈர்ப்பு அச்சத்தினும் வலியது என்பதை அன்று நாம் கண்டோம்.

பயணம் எப்படி நடந்தது?

அந்தப் பேருந்தின் பெயர் காரவான்-எ-அமன், அதாவது அமைதிக் கூட்டத்தாரின் பயணவண்டி. ஸ்ரீநகரை விட்டு நீங்கினால், நெட்டிலிங்கம் போல் ஓங்கிய பாப்லார் மரங்களும் நெல்வயல்களும் இருமருங்கும் வரும். பட்டன் என்ற ஊரில் பழங்காலக் கோவில்களின் இடிபாடுகள் கண்ணிற்படும். பாரமுல்லாவின் ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டியதும் மலைகள் நெருங்கி வந்து சாலையை நதியோடு சேர்த்து அமுக்கிவிடும். பூனியாரின் பழைய கற்கோவில், மஹூராவின் மின்நிலையம், பிறகு உரி. வளைவுக்கு வளைவு இராணுவச் சோதனை நிலையங்கள்.

உரிக்கு அப்பால் சலாமாபாத்தில் பயணிகளின் தாள்களும் மூட்டைகளும் சோதிக்கப்படும். அதன்பின் கமான் காவல்நிலை. பேருந்து இங்கே நின்றுவிடும். எதிரே ஒரு சிறு பாலம். போரில் அழிந்த பழைய பாலத்தின் இடத்தில் 2005-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அமன் சேது, அமைதிப் பாலம் என்று அதற்குப் பெயரிட்டனர். இப்பாலத்தைப் பயணிகள் நடந்தே கடக்க வேண்டும். அப்புறம் சக்கோட்டியிலிருந்து வேறொரு பேருந்து காத்திருக்கும். ஹத்தியான், கட்டி துபட்டா வழியாக அது முஸஃபராபாத் சென்று சேரும்.

ஆக, ஒரே பேருந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடியதே இல்லை. நடுவே சில பத்து அடிகள் மனிதன் தன் கால்களால் கடக்க வேண்டியிருந்தது. முதல்நாள் அதைக் கடந்தவர்களுள் சிலர் குனிந்து மண்ணை முத்தமிட்டனர். கைத்தடி ஊன்றியவர்கள் தாங்கி அழைத்துச் செல்லப்பட்டனர்.

குறைகள் இல்லாமலில்லை. தொடக்கத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறைதான் பேருந்து. பின்னரே வாரந்தோறும் ஆயிற்று. விண்ணப்பத் தாள்கள் இருபுறமும் பரிமாறப்பட்டு, இருதரப்புக் காவல்துறையினரும் விசாரித்து, இருவரும் இசைந்தால்தான் அனுமதி. இதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தோர் உண்டு. காத்திருக்கையிலேயே கண்மூடியோரும் உண்டு. இவ்வளவுக்கும் நடுவே, பல்லாயிரவர் போய்வந்தனர். 2006 ஜூனில் பூஞ்ச்–ராவலாக்கோட் பாதையிலும் பேருந்து ஓடலாயிற்று. அறுந்துபோன உறவுகள் புதிய நிக்காஹ்களால் மீண்டும் முடிச்சிடப்பட்டன. 2008 அக்டோபரில் சரக்கு லாரிகளும் கடக்கத் தொடங்கின. பணப் பரிமாற்றத்துக்கு வழியில்லாததால், பழங்காலம் போல் பண்டத்துக்குப் பண்டம் மாற்றி வாணிபம் நடந்தது.

நிலம் நடுங்கிய நாள்

பேருந்து தொடங்கி ஆறே மாதம். 2005 அக்டோபர் 8, புனித ரமழான் மாதத்தின் காலைவேளை. முஸஃபராபாத்துக்கு அருகே மையங்கொண்ட பெரும் பூகம்பம் அந்நகரைத் தரைமட்டமாக்கியது. அப்புறத்தில் 70,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இப்புறத்திலும் உரி, தங்தார் பகுதிகளில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மலைச்சரிவுகள் சாலையை மூடின. அமைதிப் பாலமும் சேதமுற்றது.

கோட்டுக்கு இருபுறமும் ஒரே நிமிடத்தில் வீடுகள் விழுந்தன. இருபுறத்துத் தாய்மாரும் ஒரே விதமாக அழுதனர். அக்டோபர் இறுதியில் இரு அரசுகளும் கூடி, எல்லைக் கோட்டில் ஐந்து இடங்களில் மக்கள் கடந்து உறவினருக்கு உதவலாம் என்று ஒப்புக்கொண்டன. பாலம் செப்பனிடப்பட்டு, 2006 பிப்ரவரியில் பேருந்து மீண்டும் ஓடியது. ஆறு மாதங்களுக்கு முன்பே இந்தப் பாதை திறந்திருக்காவிட்டால், துயரநாளில் அப்படியொரு இசைவு அவ்வளவு விரைவில் கிட்டியிருக்குமா? அமைதிக் காலத்தில் போட்டுவைத்த வழிதான் ஆபத்துக் காலத்தில் கைகொடுக்கும்.

பேருந்து நின்றது

2019 பிப்ரவரியில் புல்வாமாவில் நடந்த குண்டுத் தாக்குதலில் மத்திய சேமக் காவல் படையினர் 40 பேர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து இரு நாடுகளும் போரின் விளிம்புக்கே சென்றன. அவ்வாண்டே பேருந்து நின்றது. பாதை ஆயுதங்களும் போதைப்பொருளும் கடத்தப் பயன்படுகிறது என்று காரணங்காட்டி, ஏப்ரலில் எல்லைக்கோட்டு வாணிபத்தை இந்திய அரசு நிறுத்தி வைத்தது. ஒரு சிலர் செய்யும் குற்றம் ஒரு பாதையையே அடைத்துவிடுகிறது என்பது எவ்வளவு வேதனையானது! 2021 பிப்ரவரியில் துப்பாக்கிகள் மீண்டும் ஓய்ந்தன. எனினும் பேருந்து புறப்படவில்லை.

2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் அப்பாவிச் சுற்றுலாப் பயணிகள் கொடியோரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதன்பின் 1,000 கிலோமீட்டர் சுற்றுவழியாக இருந்த அட்டாரி–வாகா வாயிலும் அடைக்கப்பட்டது. மே மாதத்தில் நான்கு நாட்கள் நடந்த சண்டையில் உரி வட்டாரத்து வீடுகள்மீது குண்டுகள் விழுந்தன. மக்கள் ஊரைவிட்டுப் பாரமுல்லாவை நோக்கி ஓடினர். மே 10-இல் சண்டை நின்றது.

1947-இல் கைக்குழந்தையாக இருந்தவருக்கும் இப்போது எண்பதைத் தொடும் வயது. கோட்டுக்கு அப்பாலுள்ள தமக்கையின் முகத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக விடைபெற்று வருகிறார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்கு அப்புறத்து உறவு என்பது புகைப்படத்தில் உள்ள அறியாத முகம். பேருந்து நிற்கும் ஒவ்வோர் ஆண்டும் பயணச்சீட்டுக் கேட்போரின் எண்ணிக்கை தானே குறைந்துவிடும். உறவு மறைவது இப்படித்தான். அறுத்தெறிய வேண்டியதில்லை, போக்குவரத்து இல்லாதிருந்தாலே போதும்.

நம் சிந்தனைக்கு

இந்தப் பேருந்தால் காஷ்மீர்ப் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்டு நகைப்போர் உண்டு. தீரவில்லைதான். ஒரு பேருந்தின் வேலை மனிதர்களைக் கொண்டு சேர்ப்பது. அந்த வேலையை அது செவ்வனே செய்தது. ஐம்பதாண்டுகளாகக் காணாத சகோதரனின் தோளில் முகம் புதைத்து அழுதவருக்கு, அதன் பயன் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை. பெரிய வழக்குகள் தீரும்வரை சிறிய நன்மைகள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே ஜீலம் நதிக்கரைச் சாலை நமக்குச் சொல்லும் பாடம்.

குடும்பங்களிலும் இது பொருந்தும் அல்லவா? பாகப்பிரிவினைத் தகராறு, பழைய சொல்லொன்றின் வடு, நிக்காஹ் விருந்தில் நேர்ந்த மரியாதைக் குறைவு, இவற்றால் ஒரே ஊரில், ஒரே தெருவில் கோடு கிழித்துக்கொண்டு வாழ்வோர் எத்தனை பேர்! வழக்கு முடிந்தபின் பேசலாம் என்று காத்திருந்து, இறுதியில் ஜனாஸாவில் மட்டும் சந்திப்போர் எத்தனை பேர்! இரண்டு அரசுகள் தம் வாதத்தைக் கைவிடாமலே ஒரு தாளில் ஒப்பமிட்டு உறவினரைப் பேருந்தேற்றினவே. நாம் நம் வாதத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, ஸலாம் சொல்லி ஒருவர் வீட்டுப் படியேற முடியாதா?

உறவைச் சேர்த்து வாழ்வதை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கடமையை நிறைவேற்ற விரும்பியும் வழியின்றி, கமான் பாலத்துக்கு இருபுறமும் காத்திருப்போருக்காக ஒரு துஆச் செய்யுங்கள். அந்தச் சாலை மீண்டும் திறக்கட்டும். பிறகு, உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் தினந்தோறும் வந்து நின்று, உங்களுக்காகவும் ஓர் இருக்கையை வைத்துக்கொண்டு புறப்பட்டுப் போகும் வண்டியை எண்ணிப் பாருங்கள். இந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், நெடுநாளாகப் போகாத அந்த ஒரு வீட்டுக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். உங்களுக்கு அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை.